பாலைவனக் காட்டுப்பூவை அடையாளம் காண்பது எப்படி? நிறத்தை விடுங்கள், இலையைப் பாருங்கள்

பாலைவனத்தில் மழைக்குப் பிறகு முளைத்து நிற்கும் ஒரு பூவைப் பார்த்ததும் பெரும்பாலோர் செய்வது, "பாலைவனம் மஞ்சள் பூ" என்று கூகுளில் போட்டுத் தேடுவதுதான். நூற்றுக்கணக்கில் படங்கள் வரும், அதில் பாதி ஒன்றுபோலவே இருக்கும், பத்து நிமிடம் உருட்டிவிட்டு ஏதோ ஒன்று ஒத்துப்போகிற மாதிரித் தெரிந்தால் அதுதான் இது என்று முடிவுகட்டிவிட்டுப் போய்விடுவோம். நிறம் என்பது இந்த வேலையில் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். ஒரே செடியில் காலையில் வெள்ளையாக இருந்த பூ வாடும்போது இளஞ்சிவப்பாக மாறும். பட்டாணிக் குடும்பத்துச் செடியான பாலைவன லூப்பின் வகைகள் சிலவற்றில் மேல் இதழில் உள்ள மஞ்சள் புள்ளி, மகரந்தச் சேர்க்கைக்குப் பிறகு சிவந்துபோகும். உச்சிவெயிலில் எடுத்த படத்தில் மஞ்சளும் ஆரஞ்சும் ஒன்றுதான்.

நான் பின்பற்றுகிற முறை இதுதான்: பூவின் அமைப்பை வைத்து அது எந்தக் குடும்பம் என்று முதலில் முடிவு செய்வது, அப்புறம் இலையை வைத்து அந்தக் குடும்பத்துக்குள் ஆள் யார் என்று தேடுவது. குடும்பம் தெரியாமல் இலைக்குப் போனால் தேடல் முடியவே முடியாது. இலையைப் பார்க்காமல் பூவோடு நிறுத்திக்கொண்டால் பத்துப் பெயர்களில் எதுவாகவும் இருக்கலாம் என்ற இடத்தில் நின்றுவிடுவீர்கள்.

குனிவதற்கு முன்னால்

செடியிடம் குனிவதற்கு முன் அது எங்கே, எப்போது நிற்கிறது என்று பாருங்கள். தளர்வான மணல்மேடா, மழைநீர் ஓடிக் காய்ந்த ஓடையா, சரளைக்கல் சரிவா, உப்புப் பூத்த தரையா? பாலைவனச் செடிகள் இந்த விஷயத்தில் பிடிவாதக்காரர்கள், மணல்மேட்டில் வளர்கிற பல செடிகளைப் பாறைச் சரிவில் தேடினாலும் கிடைக்காது. காலமும் அப்படித்தான். வட அமெரிக்காவின் சோனோரன் பாலைவனத்துக்கு இரண்டு மழைக்காலம்: குளிர்கால மழையில் முளைப்பவை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பூக்கும், கோடை மழையில் முளைப்பவை ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் பூக்கும். இரண்டு கூட்டமும் கிட்டத்தட்ட வேறு வேறு செடிகள். அதனால் பார்த்த தேதி ஒன்றே பட்டியலில் பாதியை அடித்துவிடும்.

அடுத்து, ஒரு மழைக்கு முளைத்துக் காய்கிற ஓராண்டுச் செடியா, பல வருடம் நிற்கிற புதரா? அடித்தண்டு கட்டையாக இருந்தால் புதர். பிடுங்கிப் பார்க்க வேண்டியதில்லை, தண்டின் அடியை விரலால் லேசாகத் தொட்டாலே தெரியும்.

உயரத்தை மட்டும் நம்பாதீர்கள். மழை குறைந்த வருடத்தில் விரல்நீளம் வளர்ந்து ஒற்றைப் பூவோடு விதைவிட்டு முடித்துவிடும் அதே ஓராண்டுச் செடி, நல்ல மழை பெய்த வருடத்தில் முழங்கால் உயரம் புதர் போலப் படர்ந்து நிற்கும். அமெரிக்காவின் டெத் வேலி பாலைவனத்தில் 2005லும் 2016லும் பெரும் பூப்பு வந்தபோது எடுத்த படங்களோடு ஒரு சாதாரண வருடத்துச் செடியை ஒப்பிட்டால் வேறு இனம் என்றே நினைக்கத் தோன்றும்.

இது ஒரு பூவா, பல பூக்களா?

இதைத் தவறவிட்டால் அதற்குப் பிறகு எண்ணுவதெல்லாம் வீண். சூரியகாந்தி மாதிரி இருக்கிற எதையும் பிரித்துப் பாருங்கள். ஓரத்தில் இதழ் என்று நாம் நினைக்கிற ஒவ்வொன்றும் தனிப் பூ, நடுவில் உள்ள பொத்தானும் நெருக்கி வைத்த குட்டிப் பூக்களின் கூட்டம்தான். அது சூரியகாந்திக் குடும்பம். இதற்கு நேர்மாறான ஏமாற்றும் உண்டு: தென்னாப்பிரிக்காவின் நமகுவாலாந்தில் ஆரஞ்சு டெய்சிகளுக்குப் பக்கத்திலேயே, ஏராளமான மெல்லிய இதழ்களோடு டெய்சி போலவே மின்னுகிற இன்னொரு கூட்டம் பூக்கும், ஆனால் அது நிஜமாகவே ஒற்றைப் பூ. நடுவில் குட்டிப் பூக்களுக்குப் பதிலாக மகரந்தத்தாள்கள் இருக்கும், இலை நீர் கோத்துத் தடித்திருக்கும். ஐசோயேசி என்ற குடும்பம் அது. இலையைத் தொட்டுப் பார்த்தாலே சந்தேகம் தீர்ந்துவிடும்.

இதைவிடப் பொல்லாதது அல்லியோனியா. தரையோடு படரும் கொடி, ஊதா கலந்த இளஞ்சிவப்பில் ஒரு வட்டமான பூ, பார்த்தால் ஒரே பூதான். ஆனால் லேசாகப் பிரித்தால் மூன்று துண்டாக வரும், ஒவ்வொன்றும் ஒரு முழுப் பூ. இது அந்திமந்தாரைக் குடும்பம். இதே குடும்பத்தில்தான் வட அமெரிக்க மணல்மேடுகளைக் கம்பளம் போல மூடுகிற அப்ரோனியாவும் வருகிறது: குழல் வடிவக் குட்டிப் பூக்கள் உருண்டையாகக் கூடியிருக்கும், செடி முழுக்கப் பிசுபிசுப்பு, அதில் மணல் ஒட்டியிருக்கும். இரண்டிலும் இலைகள் எதிரெதிராக ஜோடியாக வரும், ஜோடியில் ஒன்று பெரியது, ஒன்று சிறியது.

எண்ணுங்கள், திருப்பிப் பாருங்கள்

ஒற்றைப் பூதான் என்று உறுதியானதும் இதழ்களை எண்ணுங்கள். ஒரே ஒரு பூவில் எண்ணி நிறுத்தாதீர்கள், நாலைந்து பூக்களில் எண்ணுங்கள், ஒன்றில் பூச்சி தின்றிருக்கலாம்.

மூன்று அல்லது ஆறு என்றால் லில்லி, வெங்காய வகையறா. இவற்றின் இலைகளில் நரம்புகள் பெரும்பாலும் இணையாக ஓடும்.

நான்கு என்பதுதான் சுவாரசியம், ஏனென்றால் பாலைவனத்தில் நான்கிதழ்ப் பூ பெரும்பாலும் மூன்று குடும்பங்களில் ஒன்றாக இருக்கும். கடுகுக் குடும்பமானால் மகரந்தத்தாள் ஆறு, அதில் நான்கு நீளம், இரண்டு குட்டை. பாப்பி (கசகசாக் குடும்பம்) என்றால் மகரந்தத்தாள்கள் நிறைய, மொட்டை மூடியிருக்கும் புல்லி வட்டம் கூம்புத் தொப்பி போல மொத்தமாகக் கழன்று விழும், பக்கத்தில் ஒரு மொட்டு இருந்தால் அதைப் பாருங்கள். மூன்றாவது ஈவினிங் பிரிம்ரோஸ் குடும்பம்: பெரும்பாலும் எட்டு மகரந்தத்தாள், சூல்பை இதழ்களுக்குக் கீழே காம்பு மாதிரி நீண்டிருக்கும். இதில் மணல்மேட்டு வெள்ளைப் பூவான ஈனோத்தெரா டெல்டாய்ட்ஸின் சூல்முடி (மகரந்தம் வந்து ஒட்டும் நுனி) நான்காகப் பிரிந்து சிலுவை போல நிற்கும், அதே குடும்பத்தில் காலையில் மலர்கிற சின்ன மஞ்சள் பூவான கைலிஸ்மியாவில் அது குண்டூசித் தலை போல உருண்டையாக இருக்கும். கைலென்ஸ் கூடத் தேவையில்லை, கண்ணுக்கே தெரியும்.

ஐந்து என்றால் வேலை அதிகம், ஏனென்றால் ஐந்திதழ்க் குடும்பங்கள் ஏராளம். இங்கே இதழ்கள் தனித்தனியா, அடியில் ஒட்டியவையா என்று பாருங்கள், பிறகு மகரந்தத்தாளைப் பாருங்கள். எல்லாத் தாள்களும் சேர்ந்து நடுவில் ஒரு குழாயாக நின்றால், செம்பருத்தியில் பார்ப்போமே அதேதான், பருத்திக் குடும்பம். இளஞ்சிவப்பு இதழ் ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு அடர்சிவப்புத் திட்டு, மொத்தம் ஐந்து திட்டு, இலை கிட்டத்தட்ட வட்டம் என்றால் அது எரிமால்கே, வட அமெரிக்காவின் மொஹாவே பாலைவனப் பக்கத்துப் பூ, வேறு எதோடும் குழம்பாது. பூக்கொத்து சுருண்டு, தேள்கொடுக்குச் செடியில் இருப்பது போல வாலாக வளைந்து, அடியிலிருந்து ஒவ்வொன்றாக மலர்ந்துகொண்டே விரிந்தால் ஃபசேலியாவோ அதன் உறவினரோ.

இடது பக்கமும் வலது பக்கமும் மட்டும் ஒத்திருக்கிற பூ என்றால் பட்டாணிக் குடும்பத்தை முதலில் நினையுங்கள்: மேலே ஒரு கொடியிதழ், பக்கத்தில் இரண்டு சிறகு, கீழே படகு. ஆஸ்திரேலியாவின் ஸ்டர்ட் பாலைவனப் பட்டாணி இதில் ரொம்ப எளிது, இரத்தச் சிவப்பு இதழ், நடுவில் பெரும்பாலும் கறுப்புக் குமிழ், சாம்பல் நிற ரோம இலை. தெற்கு ஆஸ்திரேலியா 1961ல் இதைத் தன் மாநிலப் பூவாக ஏற்றுக்கொண்டது.

எண்ணி முடித்ததும் பூவைத் திருப்பி அடியைப் பாருங்கள். இதைப் பெரும்பாலோர் செய்வதே இல்லை, படம் எடுப்பவர்களும் முகத்தை மட்டும் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சூல்பை இதழுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பது குடும்பத்தைப் பிரிக்கிற பெரிய கோடு. பேய்க்குமட்டிக் கொடியின் பெண் பூவைத் திருப்பினால் இதழுக்குக் கீழே ஒரு குட்டிக் காய் முன்பே உட்கார்ந்திருக்கும், அதைப் பார்த்துவிட்டால் பூசணிக் குடும்பம் என்று சொல்ல யோசிக்கவே வேண்டாம். கலிபோர்னியா பாப்பியில் இதழுக்கு அடியில் தட்டு போல ஒரு விளிம்பு இருக்கும். மொஹாவேயில் உள்ள சின்ன பாலைவனப் பாப்பிகளில் அது இருக்காது. முகத்தை மட்டும் எடுத்த படத்தில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

பூவின் உள்ளே பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு மொஹாவேயில் இரண்டு பூக்கள் உண்டு. ஒன்று மென்ட்ஸீலியா இன்வாலுகிரேட்டா: வெளிறிய மஞ்சள், பட்டுப் போன்ற இதழ், தேன் உண்டு. மற்றொன்று மொஹாவியா கன்ஃபெர்ட்டிஃபுளோரா, பேய்ப்பூ என்று பெயர்: அதே வெளிறிய நிறம், அதே அளவு, தேன் கிடையாது. முதல் பூவைப் போல வேஷம் போட்டு அதே தேனீயை வரவழைத்துக்கொள்கிறது. தேனீயே ஏமாறுகிற இடத்தில் நாம் ஏமாறுவதில் ஆச்சரியமில்லை. ஆனால் நமக்கு எண்ணத் தெரியும்: மென்ட்ஸீலியாவில் மகரந்தத்தாள் ஒரு பெரிய கொத்து, பேய்ப்பூவில் இரண்டே இரண்டு, கூடவே உள்ளே செம்புள்ளிகள். இலையும் காட்டிக்கொடுக்கும், மென்ட்ஸீலியா இலை பல்விளிம்போடு சொரசொரவென்று துணியில் ஒட்டிக்கொள்ளும்.

இலை

இலையில் முதலில் பார்க்க வேண்டியது வடிவம் அல்ல. அது தண்டில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. ஒரு கணுவுக்கு ஒன்றாக மாறி மாறி வருகிறதா, எதிரெதிராக இரண்டா, சுற்றி மூன்றுக்கு மேலா, இல்லை எல்லா இலையும் தரையோடு ரோஜாப்பூ அடுக்கு போலப் படிந்து தண்டு மட்டும் மொட்டையாக மேலே போகிறதா?

இது எவ்வளவு தூரம் உதவும் என்றால், நெருஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து மஞ்சள் இதழ், இறகு போன்ற கூட்டிலை (பல சிற்றிலைகள் சேர்ந்த ஒரே இலை). தார், அரேபியா, சஹாரா பக்கம் மணலில் வளர்கிற ஆவாரை இனத்துச் சின்னச் செடிகளும் ஐந்து மஞ்சள் இதழ், இறகு போன்ற கூட்டிலைதான். தூரத்துப் படத்தில் இரண்டையும் குழப்பிக்கொள்வது சுலபம். கணுவைப் பாருங்கள்: நெருஞ்சியில் இலைகள் எதிரெதிர், ஜோடியில் ஒன்று சின்னது. ஆவாரை இனத்தில் மாறி மாறி வரும். அதோடு முடிந்தது. (காய் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், முள் காலில் ஏறியதுமே நெருஞ்சி என்று தெரிந்துவிடும்.)

அதே நெருஞ்சிக் குடும்பத்தில் ஒரு பெரிய ஏமாற்றுக்காரி உண்டு, கால்ஸ்ட்ரோமியா கிராண்டிஃபுளோரா. அரிசோனாவில் கோடை மழைக்குப் பிறகு தரை முழுக்க ஆரஞ்சுக் கிண்ணங்கள், அதைக் கோடைப் பாப்பி என்றே கூப்பிடுகிறார்கள். பாப்பி இல்லை. இதழ் ஐந்து, மகரந்தத்தாள் பத்து, இலை எதிரெதிரான இறகுக் கூட்டிலை. நிஜமான தங்கப் பாப்பியில் இதழ் நான்கு, இலை கொத்தமல்லியை இன்னும் மெல்லியதாகக் கிழித்த மாதிரி. ஆகஸ்டில் பார்த்தேன் என்று சொன்னாலே பாப்பி இல்லை என்று சந்தேகப்பட்டுவிடலாம்.

கூட்டிலையா தனி இலையா என்று குழப்பம் வரும். இலைக்காம்பு தண்டோடு சேருகிற மூலையில் ஒரு குட்டி மொட்டு இருக்கும், அந்த மொட்டு எங்கே இருக்கிறதோ அங்கிருந்து தொடங்குவதுதான் ஒரு முழு இலை. சிற்றிலைகளின் அடியில் மொட்டு இருக்காது. சிற்றிலைகள் ஒரே புள்ளியிலிருந்து கைவிரல் போல விரிந்தால், கூடவே பட்டாணிப் பூவும் இருந்தால், பெரும்பாலும் லூப்பின். இரண்டே சிற்றிலைகள் அடியில் ஒட்டிக்கொண்டு, மஞ்சள் இதழ்கள் காற்றாடி போலத் திருகி நின்று, மழை பெய்தால் அந்த வட்டாரமே பிசின் வாசனை அடித்தால் அது கிரியோசோட் புதர்.

அப்புறம் ரோமம். பாலைவனத்தில் ரோமம் இல்லாத இலை குறைவு, அதனால் "ரோமம் உண்டு" என்று குறிப்பது பயனற்றது, எப்படிப்பட்ட ரோமம் என்று குறிக்க வேண்டும். இங்கேதான் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் வேண்டும். பஞ்சு போலப் பின்னிக் கிடக்கிறதா, குத்துகிற மயிரா, நுனியில் பிசின் துளியோடு நிற்கிறதா, நட்சத்திரம் போலக் கிளைத்ததா? ஆரஞ்சுப் பூவோடு நட்சத்திர ரோமம் தெரிந்தால் ஸ்ஃபெரால்சியா என்ற பருத்திக் குடும்பத்துச் செடி. தொட்டுவிட்டுக் கண்ணைக் கசக்க வேண்டாம், அந்த ரோமம் கண்ணை உறுத்தும்.

இலையின் நிறத்தை நம்பலாமா? அதையும் கொஞ்சம் யோசித்துத்தான். பிரிட்டில்புஷ் என்கிற என்சிலியா ஃபாரினோசா, மழைக்குப் பின் பச்சையான பெரிய இலை விடும், வறட்சி ஏற ஏற வெள்ளை ரோமம் அடர்ந்த சின்ன இலையாக மாற்றிக்கொள்ளும், வெயிலைத் திருப்பி அனுப்ப அதுதான் வழி. ஒரே செடியின் மார்ச் படமும் ஜூன் படமும் இரண்டு செடி போல இருக்கும். ஓக்கோட்டியோவோ மழை பெய்த சில நாளில் இலைவிட்டு, காய்ந்தால் உதிர்த்துவிட்டு வெறும் முள்குச்சியாக நிற்கும். ஓராண்டுச் செடிகளிலும் அடியிலைகளும் தண்டிலைகளும் வேறு வேறு வடிவத்தில் இருப்பது சகஜம், பூ வரும் நேரத்தில் அடியிலை காய்ந்து உதிர்ந்திருக்கலாம், அந்தக் காய்ந்த துண்டையும் விடாமல் பாருங்கள்.

மஞ்சள் டெய்சித் தலைவலி

தாவரவியல் படித்தவர்களே திட்டுகிற கூட்டம் இது. மஞ்சள் டெய்சிகள். இதற்கு நான் பார்க்கும் வரிசை வேறு. நடுவில் பொத்தான் உண்டா? இல்லாமல் எல்லாமே பட்டை இதழ்களாக இருந்து, நுனியில் ஐந்து பல்லும் காம்பில் பாலும் இருந்தால் டேண்டிலயன் வகை. மொஹாவேயின் மாலக்கோத்ரிக்ஸ் இதில் ஒன்று, வெளிறிய மஞ்சள், இலை நூல் நூலாகப் பிரிந்திருக்கும், விரியாத தலையின் நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு. பொத்தான் உண்டு என்றால் அடுத்து அது எந்தக் காம்பில் நிற்கிறது என்று பாருங்கள். பிரிட்டில்புஷ்ஷில் பூத்தண்டு கிளைத்துப் பல தலைகள், அவை வெள்ளி இலைகளுக்கு மேலே எழும்பி நிற்கும். அதன் உறவான என்சிலியா ஆக்டோனியில் ஒரு காம்புக்கு ஒரே தலை. பெய்லியாவில் செடி முழுக்கப் பஞ்சு ரோமம், இதழ் நுனியில் மூன்று பல், வாடிய இதழ் காகிதம் போலக் காய்ந்து செடியிலேயே தங்கும். கெரேயா ஓராண்டுச் செடி, தலையைத் திருப்பினால் அடிச்செதில்களின் ஓரத்தில் நீளமான வெள்ளை மயிர். அந்த அடிச்செதில்கள் எத்தனை வரிசை, வளைந்தவையா, ஒட்டியவையா என்பதைப் படம் எடுக்காமல் இந்தக் குடும்பத்தில் யாரிடமும் உதவி கேட்காதீர்கள்.

தொடுவதற்கு முன்

ஃபசேலியாவில் சில இனங்களைத் தொட்டால் தோலில் கொப்புளம் வரும். பால் வடிகிற எருக்கு, கள்ளி வகைகளின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. இரவில் மலரும் பெரிய வெள்ளைக் குழல் பூ ஊமத்தையாக இருக்கலாம், முழுச் செடியும் விஷம். ஈவினிங் பிரிம்ரோஸும் வெள்ளை, அதுவும் மாலையில்தான் மலரும், ஆனால் அதில் நான்கு தனி இதழ், ஊமத்தையில் ஒட்டிய ஒரே குழல். சுவைத்துப் பார்த்து அடையாளம் காண்கிற யோசனையே வேண்டாம். பாதுகாக்கப்பட்ட இடங்களில் பறிப்பது பெரும்பாலும் சட்டப்படி குற்றம், பறித்தாலும் கையிலேயே வாடிவிடும், எனவே படம்தான் வழி. நடக்கும்போது மண்ணில் கறுப்பாகப் பொரிந்து நிற்கிற உயிர்ப்படலத்தை (நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்த மேலோட்டை) மிதிக்காதீர்கள், அது திரும்ப உருவாகப் பல வருடம் பிடிக்கும்.

படமும் ஆப்பும்

முழுச் செடி, பூவின் முகம், பக்கவாட்டு, அடிப்பக்கம், இலையின் மேல், இலையின் கீழ், இலை தண்டில் சேரும் கணு, காய் இருந்தால் காய். பக்கத்தில் ஒரு அளவுகோலோ நாணயமோ. வெயில் கொளுத்தினால் உடம்பால் நிழல் கொடுத்து எடுங்கள். இடம், தேதி, நேரம் குறித்துக்கொள்ளுங்கள். மேகமூட்டமான நாளில் நமகுவாலாந்து டெய்சிகள் மூடிக்கொள்ளும், மதியத்தில் இரவுப்பூக்கள் வாடிக் கிடக்கும், எனவே மூடிய பூ என்றால் நேரம் மாற்றி ஒருமுறை போய்ப் பாருங்கள்.

ஐநேச்சுரலிஸ்ட், பிளான்ட்நெட் மாதிரி ஆப்கள் குடும்பம் வரைக்கும் நன்றாக வேலை செய்கின்றன என்பது என் அபிப்பிராயம், அதற்குமேல் அவை சொல்கிற பெயரை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆப் ஒரு பெயர் சொன்னதும் அந்த இனத்தின் விவரணையைத் திறந்து, இலை அமைவு, இதழ் எண்ணிக்கை, ரோமம், வளரும் நிலம், பூக்கும் மாதம் ஐந்தும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒன்று இடித்தாலும் பெயரைத் தள்ளிவிட்டு அடுத்ததைப் பாருங்கள். அந்தந்த வட்டாரத்துக்கென்று எழுதிய தாவர நூல் இருந்தால் அதில் உள்ள இனங்காண் திறவுகோலை (கேள்வி கேள்வியாகப் பதில் சொல்லிப் பெயரை அடையும் பட்டியலை) பயன்படுத்துங்கள், உலகம் முழுக்க உள்ள பூக்களோடு போட்டியிட வேண்டியதில்லை.

சில செடிகளில் பூவும் இலையும் மட்டும் போதாது. கிரிப்டாந்தா என்று ஒரு கூட்டம் உண்டு, சின்ன வெள்ளைப் பூ, முள்ளாகக் குத்தும் ரோமம், பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான், பிரிக்க வேண்டுமானால் முற்றிய விதையை லென்ஸில் பார்க்க வேண்டும். அப்படிப்பட்டதில் பேரினத்தோடு நிறுத்தி, "கிரிப்டாந்தா, இனம் தெரியவில்லை" என்று எழுதிவையுங்கள், இரண்டு மூன்று வாரம் கழித்து விதை முற்றியதும் அதே இடத்துக்குப் போய் மீதியைப் பாருங்கள்.